பந்தி எண் ஒன்பது

இரவு ஏழரை வகுப்புக்கு
ஏழு இருபதுக்கே குக்கரை அணைத்துவிடுவேன்.
போன மாதம் அதன் விசில்
ஊகித்து வாசித்தல் பாடத்துக்குள் புகுந்து
இருபத்து மூன்று பேருக்கும்
எங்கள் வீட்டுப் பருப்பை அறிவித்துவிட்டது.

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.
சிக்னல் சமையலறை மூலையில் மட்டும்.
மேலே இஸ்திரி போட்ட சட்டை,
கீழே வீட்டுப் பாவாடை.
பாணந்துறை ரயில் கடற்கரையோடு போகும்போது
மைக்கை மூடி வாயையும் மூடுவேன்.
என் பாடத்திட்டத்தில்
ரயிலுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மாணவர்கள் கறுப்புச் சதுரங்கள்.
தெமட்டகொடை பஸ்மினாவின் கமரா
தவணை முழுக்க உடைந்தே இருக்கிறது.
கோபிஷன் புறக்கோட்டைத் துணிக்கடையில்
வேலை முடியாமலே வகுப்புக்கு வருகிறான்.
ஒருநாள் மைக் திறந்து கிடந்தது.
"மீட்டர் அறுநூற்றைம்பது, அண்ணை, இதுதான் கடைசி விலை."
அதுவரை அவன் பேசிய ஒரே முழு வசனம்.
புள்ளி போட இடமிருந்தால் போட்டிருப்பேன்.
ஹன்சமாலி எல்லாவற்றுக்கும் இதயக்குறி அனுப்புவாள்,
வீட்டுப்பாடத்துக்கும்.

நான் சொல்லிக்கொடுப்பது வாசிக்க.
எழுத்துக்கூட்டி அல்ல,
மேலால் ஓடி, வேண்டியதில் நின்று,
சொல்லாமல் விட்டதைப் பிடிக்க.
மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பஸ்ஸில் வருவதில்லைதானே என்று
பயணப்படியை முதல் மாதமே வெட்டினார்கள்.

நேற்று பந்தி எண் ஒன்பது, பவளப்பாறைகள்.
திரையைப் பகிர்ந்தேன்.
"மூன்று நிமிடம். மையக்கருத்தைக் கண்டுபிடியுங்கள்"
என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போனேன்.
திரும்பி வர
திரையில் பவளம் இல்லை.
காலையில் வந்த கடிதம்,
நிறுவனத்தின் முத்திரையோடு, என் பெயரோடு.
'அடுத்த தவணை' என்ற இடத்தில் கண் பட்டதும்
பிறகு பார்ப்போம் என்று நான் சுருக்கி வைத்த கடிதம்.

மவுஸைத் தேடுகிறேன்.
அதற்குள் கோபிஷன்:
"மிஸ், மையக்கருத்து முதல் பந்தியில இல்லை.
முதல் பந்தி முழுக்க நன்றி.
மூண்டாவதில, 'ஆயினும்' எண்டதுக்குப் பிறகு இருக்கு.
ஆயத்தப்படுத்துற நேரத்துக்கும் திருத்துற நேரத்துக்கும்
இனிக் காசில்லை."

பஸ்மினா:
"தீர்மானிக்கப்பட்டுள்ளதுண்டு ஈக்கிது மிஸ்.
யாரு தீர்மானிச்சண்டு இல்ல.
அப்பிடி எழுதினா தேடிப் பாக்கச் சொன்னீங்கதானே."

சொன்னேன்தான்.
பத்து உதாரணம் காட்டிச் சொன்னேன்.

சாட்டில் ஒருவர்: தொனி, மரியாதை.
கீழே இன்னொருவர்: மரியாதை மாதிரி.
ஹன்சமாலியின் இதயக்குறி வரவில்லை.

பிழையான கோப்பு என்று சொல்லியிருக்கலாம்.
மன்னிப்புக் கேட்டுப் பவளத்துக்குப் போயிருக்கலாம்.
என் வாயில் வந்தது வேறு.
"ஏழு நாட்களுக்குள் சம்மதத்தை அறியத்தரவும்.
இந்தக் கடைசி வரியிலிருந்து
என்ன ஊகிக்கலாம்?"

ரயில் வந்தது.
மைக்கை மூட மறந்துபோனேன்.
இருபத்து மூன்று சதுரங்களுக்குள்ளும் ஓடி
அது தெகிவளைப் பக்கம் போய் முடியும்வரை
ஒருவரும் பேசவில்லை.

"கடைசி விலை எண்டா
நாள் குடுக்க மாட்டாங்கள், மிஸ்."

"உரையில் ஆதாரம்?" என்றேன், பழக்கத்தில்.

"உரையில இல்லை" என்றான்.
பின்னால் யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள்.

நாற்பதாவது நிமிடம்
இலவசக் கணக்கு அறுந்தது.
இரண்டாவது இணைப்பை அனுப்பினேன்.
பத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள்.
பவளப்பாறையை முழுதாக வாசித்தோம்,
வெளிறிப்போன பகுதி வரைக்கும்.

ஒன்பதரைக்குப் பருப்பைச் சூடாக்கினேன்.
கடிதம் திரையில் அப்படியே கிடந்தது.
நின்றுகொண்டே சாப்பிட்டபடி
முதல் வரியிலிருந்து,
இந்த முறை மேலால் ஓடாமல்.